சோலார் பேனலுக்கு நான் அடித்த சுண்ணாம்பு

வெயிலுக்கே வெள்ளையடித்தவன் நான். முப்பது வருஷம் வயர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன், அந்த முட்டாள்தனத்தைத் தினம் இரண்டு வேளை சிரத்தையாகச் செய்தேன். சோலார் வேலைக்கு வருகிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் இருக்கிறது. பன்னிரண்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு சோலார் பிளாண்ட் போட்டார்கள். ஆளுக்கொரு பங்கு. முறை வைத்து அவரவர் போர் மோட்டாருக்குக் கரண்ட் போகும். பிளாண்டைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். வேறு யாரும் வயரைத் தொடப் பயந்ததுதான் என் தகுதி.

சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோடு. பேனலில் தூசி படிந்தால் கரண்ட் குறையும். வாரம் ஒரு தரம் துடைத்தால் போதும் என்றது கம்பெனி. நான் விடுவேனா? பக்கத்து போரில் ஹோஸ் மாட்டி, காலையில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம் பீய்ச்சியடித்தேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

இரண்டு மாதத்தில் கரண்ட் இறங்கத் தொடங்கியது. நான் இன்னும் நன்றாகக் கழுவினேன்.

முதலில் அடிபட்டது சங்கத்து உறுப்பினர் செல்லம்மா. ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டிருந்தாள்; காய் திரளுகிற சமயம். அவள் முறையில் மோட்டார் மெதுவாகச் சுற்றியது. கடைசிப் பாத்திகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. இன்னும் இரண்டு முறை இப்படிப் போனால் வெங்காயம் கைக்கு வராது.

கம்பெனி சர்வீஸ் என்ஜினியருக்கு போன் போட்டு, "இன்வர்ட்டர் அவுட்டு சார்" என்றேன்.

"இங்க ஆன்லைன்ல எரர் எதுவும் காட்டலையே சார்?"

"அதுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்ல!"

அப்போது செல்லம்மாவே பிளாண்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னண்ணே, நாலு பாத்தி கருகிடுச்சு. நீங்க போன்ல பேசிட்டிருக்கீங்க."

"மெஷின் கோளாறும்மா. உனக்குப் புரியாது."

அவள் பேனலை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"எங்க வூட்டுக் கொடத்துலயும் இப்படித்தான் பூக்கும். போர்த் தண்ணியிலயா கழுவுறீங்க?"

"தினம் ரெண்டு தரம்!" என்றேன், பெருமையாக.

"வெயில்லயா?"

அதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. எங்கள் ஊர்த் தண்ணீரில் பாதி சுண்ணாம்பு. சூட்டில் தண்ணீர் ஆவியாகும்; சுண்ணாம்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். போனை எடுத்து என்ஜினியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து மெல்லிய துணியால் துடைக்கச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை உறுப்பினர்கள் எல்லோரும் துணியோடு வந்தார்கள். "பேனல ஊறுகா போடுறியாய்யா?" என்று ஒருவர் கேட்டார். குனிந்து துடைத்தேன். செல்லம்மாவின் அடுத்த முறையில் கடைசிப் பாத்தி வரை தண்ணீர் ஓடியது. கருகிய நாலு பாத்தி போனது போனதுதான், மீதி தேறியது.

நான் கற்றது இதுதான்: மெஷினைக் குறை சொல்வதற்கு முன், நேற்று நம் கை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

அறுவடை அன்று அவள் வயலுக்குப் போய்ச் சொன்னேன்: "இனிமே கவலைப்படாதம்மா. பேனல நானே நல்லாப் பாத்துக்கறேன்."

செல்லம்மா வெங்காயத் தாளைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"ரொம்பப் பாக்காதீங்கண்ணே."