செந்தூர்ச் சாமி பேரும் ஒரு கல்கத்தா ஃபைலும்

கல்கத்தாவில் என்ன பார்க்கலாம் என்று கேட்டு எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காளி கோயில், விக்டோரியா நினைவகம் எல்லாம் மற்றவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் 1979 நவம்பரில் அம்மாவோடு போன கதையைச் சொல்கிறேன். நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை, ஒரு ஃபைல் பார்க்கப் போனோம்.

அப்பா தூத்துக்குடிக்காரர். கல்கத்தாவில் கப்பலேறி, போர்க்காலத்தில் அந்தக் கப்பலோடு போய்விட்டார். நான் அப்போது அம்மா வயிற்றில். காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது, அவ்வளவுதான். அவரோடு வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் லண்டன் போனபோது, போரில் இறந்த கப்பல்காரர்களின் பெயர்ப் பலகையில் அப்பாவைத் தேடியிருக்கிறார். பெயர் இல்லை. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முகம் தெரியாத அப்பாவுக்கு ஒரு பெயராவது எங்காவது இருக்க வேண்டாமா? அந்தப் பலகை சம்பந்தமான பழைய கடிதங்கள் கல்கத்தாவில் ஓர் அலுவலகத்தில் இருப்பதாகச் சித்தி மகள் செல்வி எழுதினாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. உடனே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சென்னையிலிருந்து ஹவுரா மெயில், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏறிக்கொண்டே வந்தேன். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, வண்டிய நீதான் தள்ளுதியா? செத்த உக்காரு" என்றாள்.

ஹவுராவிலிருந்து டாக்குரியாவில் செல்வி வீட்டுக்கு டாக்சி பதினெட்டு ரூபாய். மெட்ரோவுக்காக பவானிபூர் சாலையைப் பிளந்து போட்டிருந்தார்கள். சுற்றிச் சுற்றிப் போனோம். "பூமிக்குள்ள ரயில் ஓடப்போகுதாம் சாப். இப்ப மேலேயே எதுவும் ஓடல" என்றார் பீகார் டிரைவர். இன்று டாலிகஞ்சிலிருந்து அதே பாதையில் மெட்ரோவில் போகிறவர்கள் அந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் டல்ஹவுசி பக்கம் அந்த அலுவலகத்துக்குச் செல்வியோடு மூன்று பேராகப் போனோம். கோஷ் பாபு என்ற நடுவயது அதிகாரி ஃபைலை எடுத்து வைத்தார். குடியரசு ஆவதற்கு முன் இரண்டரை வருடம் போல நாம் டொமினியனாக இருந்தோம் இல்லையா, அந்தக் காலத்தில் டெல்லிக்கும் லண்டனுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல்கள். எல்லாக் கடிதமும் "தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்" என்றுதான் ஆரம்பிக்கும். பணித்தது யாரென்று கடைசிவரை தெரியாது.

லண்டன் கேட்கிறது: கப்பல் ஆள் பட்டியலில் ஆறுமுகம் என்று இருக்கிறது, நீங்கள் சுப்பிரமணியன் என்று அனுப்பியிருக்கிறீர்கள், இருவரும் ஒருவரா? டெல்லி சொல்கிறது: விசாரித்தோம், மனைவி சொன்ன பெயர் சுப்பிரமணியன்தான். அப்படியானால் ஆறுமுகத்தின் குடும்பம் எங்கே என்கிறது லண்டன். அப்படி ஒரு குடும்பமே இல்லை என்கிறது டெல்லி. சுப்பிரமணியன் என்று யாரும் கப்பல் ஏறவேயில்லை என்கிறது லண்டன். கடைசியில் இரண்டு பெயரையும் அடித்துவிட்டார்கள்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாவுக்கு முகம் மாறியது. "நான் எப்பல சுப்பிரமணியன்னு சொன்னேன்? தாலுகாபீஸ்லருந்து ஒருத்தர் வந்து புருசன் பேரக் கேட்டாரு. நான் எப்பிடிச் சொல்ல? செந்தூர்ச் சாமி பேருன்னேன்."

அந்தக் காலப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சாமியைக் காட்டிக் குறிப்பு கொடுப்பார்கள். முருகனுக்கு இருக்கிற பெயர்களில் தனக்குத் தோன்றிய ஒன்றை எழுதிக்கொண்டு போய்விட்டார் அந்த மனிதர். அதற்குப் பிறகுதான் இரண்டு அரசாங்கங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

கோஷ் பாபு செல்வியிடம் வங்காளியில் ஏதோ சொன்னார். "திருத்த முடியுமாம் அண்ணா. ஆனா பெரியம்மாவே தன் வாயால பேரு சொல்லணும், இவர் கேட்டு எழுதணும், அதான் நியோம், விதியாம். நீங்க சொன்னா ஹபே நா, ஆகாது" என்றாள் அவள்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. "அஞ்சே எழுத்தும்மா, சொல்லேன்" என்று கெஞ்சினேன், அப்புறம் அதட்டினேன். கரண்ட் போய் விசிறி நின்றது. நாளைக்கு வாருங்கள் என்று கோஷ் பாபு ஃபைலைக் கட்டிவிட்டார்.

சாயங்காலம் டாக்குரியா ஏரிக்கரையில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். "இவ்வளவு தூரம் வந்து ஒரு பேரைச் சொல்ல மாட்டேங்கிறியே" என்றேன்.

"பேரைச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு கொறையும்னுவாக."

"செத்தவருக்கு ஏதும்மா ஆயுசு?"

"செத்தாகன்னு யாரு சொன்னா? காணலன்னுதான தந்தி வந்துச்சு."

நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். நான் பலகையில் பெயரைப் பதிக்க வந்திருக்கிறேன். அவள் இத்தனை வருடமும் ஓர் ஆளை உயிரோடு வைத்திருக்கிறாள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். அவள் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலையில் எங்களுக்கு முன்னால் அம்மா தயாராக நின்றாள். கோஷ் பாபு பேனாவைத் திறந்ததும், "எழுதிக்கிடுங்க. ஆறுமுகம்" என்றாள். பக்கத்து டைப்ரைட்டர் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. "கீ?" என்றார், என்ன என்று. இன்னொரு முறை சொன்னாள். "டைட்டில்?" என்று கேட்டார், அங்கே குடும்பப் பெயரை அப்படித்தான் கேட்பார்கள். அதெல்லாம் எங்களுக்குக் கிடையாது என்று செல்வி விளக்கினாள். அவர் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "ஆருமுகோம்."

"முகோம் இல்ல. முகம். ஆறுமுகம்" என்று அம்மா திருத்தினாள். பிறகு கைநாட்டு வைத்தாள்.

இடையில், போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபைல் தேடுகிறவர்கள் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். வங்காளி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவசரப்படாதீர்கள், எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது, அடுத்த பட்டியலில் பெயரைச் சேர்ப்பதாக எழுதியிருந்தார்கள். நான் இன்னும் லண்டன் போய்ப் பார்க்கவில்லை. டல்ஹவுசியிலிருந்து கங்கைக்கரையில் உள்ள பாபுகாட் நடக்கிற தூரம்தான். நீர் இறங்கியிருக்கும்போது படி முழுக்கச் சேறு, வழுக்கும். மாற்றுத்துணி கொண்டுபோங்கள்.

நாங்கள் கொண்டுபோகவில்லை. அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா, "இங்க ஆறு எங்க இருக்கு?" என்றுதான் செல்வியிடம் கேட்டாள். படித்துறையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையோடு இறங்கி முங்கினாள். எழுந்தபோது நெற்றியில் குங்குமம் இல்லை. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மேல்படியில் நின்றேன்.

அம்மா தண்ணீரில் நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னல பாத்துக்கிட்டு நிக்கே? நீயும் வந்து தலைக்கு முங்கு. ஒங்கப்பா செத்துட்டாக."