ஆறு பாட்டில் தண்ணீர்

பத்துமலையின் கார் தண்ணீர் குடிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு வயசு இருபத்தாறு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்கு ஊற்றியாக வேண்டும். சூட்டு முள் ஏறுகிறதோ இல்லையோ, அவருக்குப் பயம். நடுரோட்டில் எஞ்சின் வெந்துபோனால் வேறு எஞ்சின் வாங்க வக்கில்லை. அதனால் பின் சீட்டுக்குக் கீழே ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு எப்போதும் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் குழாயில் அவரே நிரப்பி வைப்பார்.

முன் சீட்டில் உட்கார்ந்து வருகிற அவர் மனைவி கலாதேவிக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருஷம் ஓடிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் ஈப்போவில் ரத்தம் கழுவுகிற மெஷினோடு படுத்துக் கிடக்கிறாள். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை; உடம்பிலேயே தங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும்.

"காடிக்கு ஒம்போது லிட்டரு, எனக்கு அரை லிட்டரு," என்று ஒருநாள் சொன்னாள். பத்துமலை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அளப்பது என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். இளவயதில் ரப்பர்த் தோட்டத்து பால் ஸ்டோரில் நிறுவைக்கு நின்றவர். வாளி வாளியாக ரப்பர்ப் பால் வந்து இறங்கும். எடை கூடட்டும் என்று சிலர் ஆற்றுத் தண்ணீரைக் கலந்து கொண்டுவருவார்கள். பத்துமலை விரலை விட்டு எடுத்து, பால் வழிகிற வழிசலைப் பார்த்து, "ஒரு குவளை சேர்த்திருக்கே," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்புறம் கருவி போட்டுப் பார்த்தாலும் அதேதான் காட்டும். பால் வெட்டுகிற பெண்கள் வாயாரத் திட்டுவார்கள். அப்படித் திட்டியவர்களில் கலாதேவியும் ஒருத்தி. அவள் வாளியை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்கடுத்த தைமாதம் கல்யாணம் நடந்தது.

தோட்டம் விற்றுப்போய், மரங்களைச் சாய்த்து, வீடுகளை வரிசையாகக் கட்டிவிட்டார்கள். அதில் ஒன்றில்தான் இப்போது குடியிருக்கிறார்கள். பகலில் அவளைக் கூட்டிக்கொண்டு அலைவது, இரவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை. அறுபது வயசில் தூக்கம் என்பது அவருக்கு நாற்காலியில் கிடைக்கிற பொருளாகிவிட்டது.

இந்த அலுப்பிலும் அளவை மட்டும் அவர் விடவில்லை. சின்ன பாட்டில் ஒன்றில் மார்க்கரால் நாலு கோடு போட்டு வைத்திருக்கிறார். காலை மாத்திரைக்கு ஒரு கோடு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. கஞ்சியில் இருக்கிற தண்ணீரைக்கூடக் கழித்துவிடுவார். வெளியே கிளம்பினாலும் அந்தப் பாட்டில் அவர் பக்கத்துக் கதவு இடுக்கில்தான் இருக்கும். அப்படியும் ஒவ்வொரு தடவை எடைபோடும்போதும் அவள் நாலு கிலோ கூடி நின்றாள்.

"அங்கிள், ஆன்ட்டி தண்ணி கூடக் குடிக்கிறாங்க," என்றாள் மிஸ்ஸி கௌசிகா. அங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சான்சே இல்ல மிஸ்ஸி. நானே அளந்து குடுக்குறேன். ஒங்க மெஷினப் பாருங்க மொதல்ல."

போன மாதம் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் மீட்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து பத்துமலைக்கு நெஞ்சுக்குள் ஒரு கல்.

ரேடியேட்டருக்கும் அவர் செய்யாத வைத்தியம் இல்லை. லாரி ஓட்டுகிற ஒருத்தன் சொன்னான் என்று மஞ்சள் தூளை உள்ளே கொட்டினார். இரண்டு நாள் எஞ்சின் சாம்பார் மணம் மணத்தது, ஒழுகல் நிற்கவில்லை. சோப்பைத் தேய்த்தார். கடையில் விற்கிற பசையைப் பிசைந்து அப்பினார். ஒவ்வொரு தடவையும் ஊற்றினால் ஒரு குவளைதான் பிடிக்கும். ஆனால் சனிக்கிழமை பார்த்தால் ஆறு பாட்டிலும் காலி. தூக்கக் கலக்கத்தில் ஊற்றிவிட்டு மறந்துபோகிறேன் போல என்று தன்னையே நொந்துகொள்வார்.

இனியும் தாங்காது என்று அந்தச் சனிக்கிழமை முடிவு செய்தார். கலாதேவியை மெஷினில் விட்டுவிட்டு, நேரே ஈப்போ சிலிபினில் இருக்கிற மெக்கானிக் தனேஸ்வரனின் பட்டறைக்கு வண்டியை விட்டார். நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

"புதுசு வேணாம் தம்பி. ஒட்டிக் குடு, போதும்."

தனேஸ்வரன் முணுமுணுக்காமல் ரேடியேட்டரைக் கழற்றினான். மஞ்சளையும் பசையையும் பார்த்து, "என்னாண்ணே, கொழம்பு வச்சீங்களா?" என்றான். சுரண்டிக் கழுவினான். வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினான். ஓரத்திலிருந்து குமிழி ஒற்றை வரிசையாக, சோம்பலாக மேலே வந்தது.

"இவ்ளோதாண்ணே. ஊசிக் கண்ணு. எத்தன தண்ணி ஊத்துனீங்க?"

"வாரத்துக்கு ஆறு பாட்டில். பெரிய பாட்டில்."

"இதுக்கா? ரெண்டே அதிகம்லா."

தனேஸ்வரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தொழிலில் நேர்மையான ஆள். தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகிறதோ என்று எண்ணெய் அளக்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "உள்ள போனா எண்ணெ வெளுத்து பால் மாரி வரும்ணே. இது சுத்தமா இருக்கு. வீட்டுல காடிக்குக் கீழ சிமெண்டு நனைஞ்சு கெடக்குமா?"

"ஒரு உள்ளங்கை அளவுக்கு."

"கீழயும் ஒழுகல, உள்ளயும் போகல. அப்ப மிச்சத் தண்ணி எங்கண்ணே போச்சு?"

பத்துமலை தலையைத் திருப்பினார். பார்வை தூக்கி நிறுத்தியிருந்த பானெட்டின் மேல் நின்றது. அதற்கு முன்னால் நிற்கிறவனுக்குக் காருக்குள் இருப்பது தெரியாது. மூன்று மாதமாக, ஒரு பயணத்துக்கு இரண்டு தடவை, அவரே தன் கையால் அந்தத் தகரத்தை இரண்டு பேருக்கும் நடுவில் தூக்கி நிறுத்தியிருக்கிறார். அவள் கையைப் பின்னால் நீட்டினால் போதும், பாட்டில் எட்டிவிடும்.

முதலில் கோபம்தான் வந்தது. ராப்பகலாக உன்னைக் காப்பாற்றப் பாடுபடுகிறேன், எனக்கே தண்ணி காட்டிவிட்டாயே என்று போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது. அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். வெயிலில் கிடந்து சூடேறிய குழாய்த் தண்ணீர் அது. அதை அவள் திருட்டுத்தனமாக, பானெட் இறங்குவதற்குள் அவசர அவசரமாக விழுங்கியிருக்கிறாள். எவ்வளவு தாகம் இருந்தால் அதைக் குடிக்கத் தோன்றும்? கோபம் போன இடத்தில் அழுகை வந்து நின்றது. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை. ஒரு வாளிப் பாலில் ஒரு குவளையைக் கண்டுபிடித்த மனுஷனுக்குப் பக்கத்து சீட்டு தெரியவில்லை.

தனேஸ்வரன் ஈயம் வைத்து ஒட்டி, மறுபடி தொட்டியில் அமுக்கிக் காட்டினான். குமிழி வரவில்லை. பத்துமலை ஆறு பாட்டிலையும் எடுத்துப் பட்டறைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

கலாதேவி வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. அன்றைக்கும் உடம்பிலிருந்து நாலு கிலோ தண்ணீர் எடுத்திருந்தார்கள். கால் குரக்களி பிடித்து இழுத்ததாம். காரில் ஏறியதும் பெல்ட்டை இழுக்கிற சாக்கில் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டில்லாம் எங்க?"

"ரேடியேட்டர ஒட்டியாச்சு. இனிமே தேவயில்ல."

அவள் முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். பாதி வழியில் இருக்கிற செம்மோர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், மெதுவாக, "இன்னும் கொஞ்ச நாளு ஒழுக விட்டிருக்கலாம் நீங்க," என்றாள்.

"செத்துருவ கலா," என்றார் பத்துமலை. அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தார், கெஞ்சலாக வந்தது.

"தெரியும். குடிக்கிறப்பவும் தெரியும். நீங்க பாட்டில் கோட்டயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, எனக்கு அது தொண்டைல எறங்கவே மாட்டேங்குது."

வழக்கமாக நிறுத்துகிற பஸ் நிறுத்தம் வந்தது. சூட்டு முள் பாதிகூட ஏறவில்லை. இருந்தும் காரை ஓரங்கட்டினார். கதவு இடுக்கிலிருந்த சின்ன பாட்டிலை எடுத்து அவள் மடியில் வைத்தார். அன்றைக்கு மிச்சம் இருந்தது இரண்டு கோடு.

"ராத்திரிக்கும் இதான். நீயே பாத்துக்க," என்றார்.

"எங்க போறீங்க?"

"தண்ணி பாக்கணும்."

இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினார். ரேடியேட்டரின் வெளிப்புறம் ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. ஈயம் வைத்த இடம் மட்டும் பளபளத்தது. இரண்டு லாரி கடந்து போயின. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவள் பாட்டிலை மூடி நீட்டினாள். பார்வையைச் சாலையில் வைத்தபடி அதை வாங்கிக் கதவு இடுக்கில் செருகிவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.