உலை வைக்கும்போது ஒரு பிடி

நெய்வேலிக்குப் புதுப்பெண்ணாய் வந்த வருஷம் எனக்கு வீடே பிடிபடவில்லை. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. கடைக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு முறை வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்திருக்கிறேன். சுரங்கத்து இயந்திரங்களின் முனகல் பகல் முழுக்கக் காதில் இருக்கும். பாதித் தூக்கத்தில் நடமாடியது போலத்தான் அந்த நாட்கள் நினைவில் இருக்கின்றன.

எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அப்போது கோயில் கட்டியிருக்கவில்லை. ஒரு கொட்டகையில் ஞாயிறு ஆராதனை நடக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை இல்லாதவர்களுக்கென்று எடுத்து வைக்கும்படி, ஆராதனை நடத்திய உபதேசியார் பெண்களிடம் சொல்லியிருந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எனக்கு மறந்துபோகும். சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக நாலு கை அள்ளிப் பையில் போட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிறு, சேர்ந்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை எனக்கு வந்தது. மந்தாரக்குப்பத்தை ஒட்டி ஒரு குடிசை. அங்கிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்; நிறைமாதம். அவளும் புருஷனும் கூலிக்கு நடவு நட்ட வயல்கள் சுரங்கத்துக்குப் போய்விட்டன. அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது.

அவள் அரிசியை முறத்தில் கொட்டி விரலால் மெல்லக் கலைத்துப் பார்த்தாள். பச்சரிசி, புழுங்கலரிசி, யாரோ நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த சிவப்பரிசி. வெயில் கூரைப் பொத்தல் வழியாக முறத்தின்மேல் விழுந்திருந்தது. ஒன்றாகப் போட்டால் ஒன்று குழைந்து ஒன்று வேகாது, ஊற வைத்து மாவாக இடித்துக்கொள்கிறேன் என்றாள். பிறகு, இவ்வளவும் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டாள். உலை வைக்கும்போது எடுக்கிற பிடியைப் பற்றிச் சொன்னேன்.

அவள் கை முறத்திலேயே நின்றது.

"அப்போ தெனமும் எங்கள நெனச்சிக்கினுதான் சோறு ஆக்குறீங்களாம்மா?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல? முகம் சுட்டது. அவள் தலை குனிந்து கல் பொறுக்கத் தொடங்கினாள்; நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

மறுநாள் காலை உலை கொதித்தபோது ஒரு பிடி எடுத்தேன். அதைப் பிடியரிசிக்கென்று வைத்த டப்பாவில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அவள் முகம் வந்தது. குழந்தை பிறந்திருக்குமா என்று நினைத்தேன். அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை.

பத்து நாள் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாக உபதேசியார் சொன்னார். சுரங்கம் விரிந்தபோது அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டார்கள். அவர்கள் கம்மாபுரம் பக்கம் போனார்களாம். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவேயில்லை.