பதில் வராத நாளுக்கும் பச்சை

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். பால் பாக்கெட்டின் தேதியை மூன்று தடவை பார்ப்பேன். மூணாற்றில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர், பிரஷர் மாத்திரையைத் தின்றுவிட்டேன் என்று சொன்னால் அதையும் நம்பமாட்டேன். போன வருடம் மாத்திரையைத் தின்னாமல் விட்டுவிட்டு, ஜீப்பிலிருந்து இறங்கும்போது தலைசுற்றி விழுந்தார். நின்றிருந்த ஜீப் என்பதால் பிழைத்தார். இனி மாத்திரையை விட்டால் ஸ்டீயரிங்கையே தொடக் கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

நான் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதுகிறவள். அப்போது கையில் இருந்த வேலை, ஒரு பழக்கக் காலண்டர். தினமும் செய்ய வேண்டியதை அதில் எழுதிவைத்தால், ஏஐ ஏஜெண்டு ஒன்று காலை ஆறு மணிக்குப் போனில் கேட்கும். செய்தேன் என்றால் அந்தத் தேதிக்குப் பச்சை போடும், இல்லையென்றால் சிவப்பு. கையேட்டைப் படிக்கப்போவது மனிதர்கள் இல்லை, ஏஜெண்டுகள்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் நான் எழுதியதை எந்த மனிதரும் முழுசாகப் படித்ததில்லை, மிஷினாவது படிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க இவருடைய மாத்திரையையே காலண்டரில் போட்டேன்.

"என்னைய வேவு பாக்க மிஷின் வேற வச்சிட்டியாக்கும்" என்றார். ஆனாலும் போன் கேட்டதும் மாத்திரையைத் தின்றுவிட்டு, ஆச்சு என்று பதில் போடப் பழகிக்கொண்டார். அதற்கும் எனக்குச் சந்தேகம். இந்த மனுஷர் எப்போது இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டார்?

ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். ஜீப்பை வேறொரு டிரைவர் ஓட்டிக்கொண்டு வர, இவர் பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தார். வளைவு ஒன்றில் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பின்னால் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. எஸ்டேட் நர்ஸ் வந்து பார்த்து, பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார்.

நர்ஸ் போனதும் காலண்டரைத் திறந்தேன். ஒரு நாள் விடாமல் பச்சை. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். கணக்குக்கு மேல் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தது.

"நாலு நாள் திங்காமலே தின்னேன்னு சொல்லியிருக்கீங்க" என்றேன்.

"நான் எங்க சொன்னேன்? நாலு நாளா விடியுமுன்னே சவாரி. மேல டவரே கெடையாது. கீழ எறங்கி வந்து போனப் பாத்தா பச்சையா இருக்கு. சரி, தின்னுட்டுத்தான் கெளம்பியிருக்கோம் போலன்னு விட்டுட்டேன்."

"அப்ப பச்ச போட்டது யாரு, பேயா?"

"ஒம் மிஷினக் கேளு."

பொய் சொல்லும்போது இவர் மீசையைத் தடவுவார். அன்றைக்குத் தடவவில்லை. சரிதான், இப்போது சூதானமாகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ஒவ்வொரு பச்சைக்கும் காரணத்தை ஏஜெண்டு எழுதிவைத்திருந்தது. அந்த நான்கு நாட்களுக்கும் ஒரே குறிப்பு: பதில் வரவில்லை, கையேட்டின்படி முந்தைய நாட்களின் வழக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

அது நான் எழுதிய வரி. பதில் வராத நாள் காலியாகக் கிடந்து மாதிரிக் காலண்டர் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்று கம்பெனியில் குறை சொன்னார்கள். நானும் கால் மணி நேரத்தில் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

என் அம்மா இந்த எஸ்டேட்டில்தான் கொழுந்தெடுத்தார். காலையில் பெரட்டு என்று ஆள் கணக்கெடுப்பார்கள். ஆள் முன்னால் வந்து நின்றால்தான் பேர் விழும். நேற்று வந்தாளே, இன்றைக்கும் வந்திருப்பாள் என்று யாருக்கும் பேர் போட்டதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த படுபாவி நான், வராத ஆளுக்குப் பேர் போடச் சொல்லி என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த வரியை எடுத்துவிட்டு, பதில் வராத நாளைக் காலியாக விட்டு ஆளிடம் திரும்பக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். பிறகு கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் பொய் சொல்லல" என்றார்.

"இல்லங்க."

பால் விடாத கட்டஞ்சாயாவும் மாத்திரையும் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே விழுங்கினார். டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அந்த வரி நம்ம வீட்டுக்கு மட்டுந்தானா?"

"போன மாசமே காலண்டர் வாங்குன எல்லாருக்கும் போயிருச்சு."

"எத்தன வீடு இருக்கும்?"

"தெரியலங்க" என்றேன்.

நான் உண்மைதான் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.