அப்பா வீட்டில் இருப்பதாகக் காட்டியது

குருபோங்கில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டை நான்தான் ஆட்டோமேட் செய்தேன். காலேஜ் கூட்டாளி கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர், மாடிப்படிக்குக் கீழே. விளக்கு, காற்றாடி, டிவியில் ஓடும் படங்கள், பேசும் ஏஐ எல்லாமே அதற்குள். இன்டர்நெட் செத்தாலும் வீடு வேலை செய்யும். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டே கூட்டாளிகள் என்னைக் கண்டால் ஓடினார்கள். தமிழ் பேச வைப்பதுதான் தலைவலி. முதலில் செய்தி வாசிப்பதுபோல், “தந்தையார் வந்துவிட்டார்” என்றது.

அப்பா மணல் லோரி ஓட்டினார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவருடைய கைப்பேசி வீட்டு வைஃபையைப் பிடித்ததும் ஸ்பீக்கர் சொல்லிவிடும். அவர் வந்தாலும் போனாலும் என் கைப்பேசிக்கும் செய்தி வரும். அம்மா குழம்பைச் சூடாக்குவார். மாலை நேரமென்றால் சாமி மேடை விளக்கும் எரியும், பக்திப் பாட்டும் ஓடும். அப்பா செருப்பைக் கழற்றும்போதே, “உங்கம்மா எனக்கு ஸ்பை வச்சிருக்கா லா,” என்பார்.

ஒருநாள் அலோர் காஜா பக்கம் லோரியை ஓரங்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்தவர், மருத்துவமனையில் இறந்துபோனார்.

உடல் வருவதற்கு முன்பே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஹாலில் சோபாவைத் தூக்கிவிட்டுப் பாய் விரித்தோம். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, சாமி மேடையின் திரையை இழுத்து மூடினார். கருமாதி முடியும்வரை அங்கே விளக்கு எரியக்கூடாது. எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் புட்டி நீட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தாய்மாமா மருத்துவமனையிலிருந்து அப்பாவின் பையோடு உள்ளே நுழைந்தார். கைப்பேசி அந்தப் பைக்குள் இருந்தது. யாரும் அதை அணைத்திருக்கவில்லை.

“அப்பா வந்தாச்சு,” என்றது ஸ்பீக்கர்.

திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. பாட்டு தொடங்கியது. ஓர் அத்தை பழக்கத்தில் கும்பிட்டுவிட்டார்.

“தீட்டு வீட்ல என்னடா இது?” என்றார் பெரியப்பா. “எல்லாத்தையும் புடுங்கிப் போடு லா.”

லேப்டாப்பைத் திறந்து விளக்கையும் பாட்டையும் நிறுத்தினேன். ஆனால் திரையில் ‘அப்பா: வீட்டில்’ என்று இருந்தது. கைப்பேசியையும் அணைக்கச் சொன்னார் பெரியப்பா. அதற்கு மட்டும் என் கை போகவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பை மூடிவைத்தேன், அவ்வளவுதான்.

அம்மா பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அணைத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார். அப்பா வெளியே போய்விட்டதாகக் காட்டும் என்றேன்.

“அவரு எங்க போனாரு? இப்பத்தான வராரு,” என்றார் அம்மா. “இருக்கட்டும். நாளைக்கு நானே அணைக்கிறேன்.”

அம்மா கைப்பேசியைச் சார்ஜரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. அப்பாவை இறக்கி உள்ளே கொண்டுவந்தோம். ஸ்பீக்கர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் கணக்கில் அவர் ஏற்கெனவே வந்துவிட்டவர்.

மறுநாள் பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். அப்பா இருந்த வண்டியில் நானும் பெரியப்பாவும் ஏறினோம். எங்கள் ஜாலானின் தெருமுனையைத் தாண்டி மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, வேட்டியில் செருகியிருந்த என் கைப்பேசி அதிர்ந்தது.

‘அப்பா: வெளியே.’

யார் என்று பெரியப்பா கேட்டார்.

“அம்மா,” என்றேன்.