குழாயை உடைத்த மேனேஜர்

திருவாதவூரில் எங்கள் தெருவில் இன்டர்நெட் கேபிள் பதிக்க வந்தவர்களுக்கு அவர்தான் மேனேஜர். பேரைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை, அவ்வளவு கோபம். இஸ்திரி கலையாத சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி. ஒவ்வொரு குழியிலும் அளவு டேப்பை நிறுத்திப் போனில் படம் எடுத்த பிறகுதான் மூடச் சொல்வார்.

அப்படி மூடிய ஒரு குழியிலிருந்து தண்ணீர் கசிந்தது. என் வீட்டுக் குழாய் வறண்டுவிட்டது. அந்த இணைப்புக்காகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு மனுவோடு ஆறு மாதம் நடந்தவள் நான். போய்க் கேட்டால் போனை நீட்டினார்.

"பாருங்கம்மா, குழியச் சரியாத்தான் மூடிருக்கோம்."

"படத்தக் காட்டுறியே, அதப் பிழிஞ்சா தண்ணி வருமா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது.

"நாளைக்கு ஆள் அனுப்புறேன்ம்மா."

"நாளைக்கு நீ எந்த ஊர்ல இருப்பியோ? இன்னைக்கே குழாய ஒட்டு. இல்லேன்னா என்னையும் சேத்து மூடு."

சொன்னபடியே அடுத்த குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.  அவர் மூடிய குழியைத் தோண்டச் சொல்லி, தானே முழங்கால் அளவு சேற்றில் நின்று, ஒட்டுவதற்குக் குழாயைப் பிடித்துக்கொடுத்தார்.

மதியம் தண்ணீர் வந்தது, செம்மண் கலங்கலாக. ஒரு செம்பு பிடித்து நீட்டினேன்.

"இதத்தான நாங்க குடிக்கணும். நீ மொதல்ல குடி."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். செம்பைக் கொடுத்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார்.

தப்பை ஒத்துக்கொண்டு குடித்தாரா, என் வாயை அடைக்கக் குடித்தாரா? அது தெரியாததால் என் கோபத்தை முழுதாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.