பாதைக்கு எந்த லேயர்?

மைசூரில் ஒரு காபியை இரண்டு பேர் குடிப்பார்கள். ‘பை டூ’ என்றால் போதும், கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒன்றை இரண்டு டம்ளரில் சரிபாதியாக ஊற்றித் தருவார். எங்கள் ஊரான கோபியில் பாதி டீ கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். மைசூரில் அதுதான் சிநேகம். மண்டி மொஹல்லாவில், பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிற எங்கள் நில அளவை அலுவலகத்தில் முதலாளி சிவண்ணா தினமும் என்னோடு பை டூ குடிக்கிறார். குடித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லைக்கோடு, வேலி, தென்னை, கிணறு, கரண்ட் கம்பம் எல்லாம் ஒரே லேயரில் கிடக்கும். காபியைப் பிரிக்கத் தெரிந்த புண்ணியவான்களுக்குக் கோட்டைப் பிரிக்கத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

லேயர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. டிபன் கேரியர் அடுக்கு மாதிரி. சோறு ஓர் அடுக்கில், குழம்பு ஓர் அடுக்கில். வரைபடத்தில் எல்லை ஓர் அடுக்கில், மரங்கள் ஓர் அடுக்கில் இருந்தால் வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால், மனைப்பிரிவு போடுகிறவர் வந்து “மரமெல்லாம் வேண்டாம், சுத்தமா ஒரு ப்ரிண்ட் கொடுங்க” என்று கேட்கும்போது ஒவ்வொரு மரமாக உட்கார்ந்து பொறுக்க வேண்டும். பொறுக்கியது நான்தான். பொறுக்கிப் பொறுக்கிக் கண் பூத்துப்போய், ஒருநாள் சிவண்ணாவிடம் கத்தியே விட்டேன். அவர் கோபப்படவில்லை. “ஆயித்து சார், நீவே ஒந்து ரூல் மாடி” என்றார். சரி, நீங்களே ஒரு விதி போடுங்கள் என்று அர்த்தம்.

போட்டேன். இங்கே வந்த பிறகு நான் இவ்வளவு உற்சாகமாக எதையும் செய்ததில்லை. எந்தப் பொருள் எந்த லேயரில், என்ன பெயரில், என்ன நிறத்தில் என்று எல்லாம் எழுதி, ஒட்டி, சொல்லிக்கொடுத்தேன். வரைவாளர் ரேகாதான் முதலில் பழகிக்கொண்டாள். மூன்று தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவாள், நடுநடுவே கன்னடம் நெல்லில் கல் போல வரும். அவள் ஒருநாள் கேட்டாள்: “சார், நம்பருக்குள்ள பாதெ ஹோகுது. அதை எங்க ஹாக்கணும்?”

ஒருவருடைய சர்வே நம்பருக்குள் பாதை போனால் எந்த லேயரில் போடுவது என்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் ஊர்ப்பொதுவான வண்டிப்பாதை என்றால் அதற்குத் தனி சர்வே நம்பர் இருக்கும், புறம்போக்கு என்று ரிக்கார்டில் ஏறியிருக்கும். பட்டா நம்பருக்கு உள்ளே ஒரு பாதை ஓடினால் அது சொந்தக்காரர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது. தொழிலில் நான் படித்த பாடம் அது. “வரப்பு, மோட்டார் ரூம் எல்லாம் இருக்குதில்ல, உள்விவரம்னு ஒரு லேயர், அதுல போடு” என்றேன். எல்லையை மட்டும் காட்டும் ப்ரிண்டில் உள்விவரம் அணைந்துவிடும். அதையும் விதியில் நானே எழுதியிருந்தேன்.

ஹனூர்ப் பக்கம் ஒரு நிலம் அளக்கப் போனோம். மனை போடுவதற்காக மைசூர்க்காரர் ஒருவர் வாங்கியிருந்த நிலம். நடுவே இருபுறமும் கள்ளிவேலியோடு ஒரு தடம். அதில் நடந்துதான் நானும் உள்ளே போனேன். தடத்தின் கடைசியில் மாதம்மாவின் தோட்டம், கொஞ்சம் மஞ்சளும் இரண்டு எருமையும். அந்த அம்மா பேச்செல்லாம் அப்படியே எங்கள் ஊர்ப்பேச்சு. “ஏனுங்க, எந்த ஊருங்க?” என்று கேட்டார். கோபி என்றேன். “அட, நம்ம பக்கத்து ஆளு!” என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார். மாநில எல்லையில் இருக்கிற பாலாறு செக்போஸ்ட் தாண்டாமலே ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

அதே மாதம்மா ஒருநாள் பஸ் மாறி மாறி, பாத்திரக்கடை மாடிப்படியேறி எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. மனை போடுகிறவர்கள் தடத்துக்குக் குறுக்கே கல் நட்டுவிட்டார்களாம். மஞ்சள் வெட்டும் சமயம், வண்டி உள்ளே வர வேறு வழியில்லை. கேட்டதற்கு எங்கள் வரைபடத்தை விரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

“அதுல தடமே இல்லீங்க. நம்ம பக்கத்து ஆளு வரைஞ்சதுதானேன்னு தைரியமா இருந்தனுங்க. நீங்க நடந்து வந்த தடம் எங்கீங்க போச்சு?”

எனக்குச் சுருக்கென்றது. ஃபைலைத் திறந்தேன். உள்விவரத்தை எரியவிட்டதும் தடம் பளிச்சென்று வந்தது, வரப்போடும் மோட்டார் ரூமோடும் சேர்ந்து. மனைக்காரருக்கு நாங்கள் கொடுத்ததோ எல்லையை மட்டும் காட்டும் ப்ரிண்ட். ரேகா பின்னால் வந்து நின்றாள். “சார், இது பி கராபு. நீங்க தானே ஹேளினது, உள்ளே ஹாக்குன்னு” என்று நான் சொன்னதையே நினைவூட்டினாள், குற்றம் சொல்லும் குரலில் அல்ல, பயந்துபோய்.

கராபு என்ற வார்த்தையை நிலப் பத்திரங்களில் தினமும் பார்க்கிறேன். மொத்த அளவில் கழித்துப் போடுகிற பகுதி. பயிர் வராத பாறை, பள்ளம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு வகைதானாம். ரேகா சொன்ன ‘பி’ வகை பொதுப்பாதை, ஓடை. இந்த ஊரில் பொதுப்பாதைக்குத் தனி நம்பர் கொடுக்காமல் தனியார் நம்பருக்குள்ளேயே படுக்கப்போட்டு, பரப்பில் மட்டும் கழித்துவிடுகிறார்கள். நிலம் இவருடையது, நடுவில் கிடக்கும் பாதை ஊருடையது. இதென்ன கூத்து என்று எரிச்சலாக இருந்தது. இதை ஒரு வார்த்தை எனக்கு யாராவது சொன்னார்களா? சிவண்ணாவைக் கேட்டால் கண்ணை விரிக்கிறார். “எல்லரிகூ கொத்தல்லா சார்!” எல்லாருக்கும் தெரியுமே! எல்லாருக்கும் தெரிந்ததை யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்?

மனை போடுகிறவர் போனில் எகிறினார். நீங்கள் கொடுத்த ப்ளான், நீங்கள் வைத்த முத்திரை, கல்லைப் பிடுங்க முடியாது என்றார். சிவண்ணா அன்றைக்குக் காபி குடிக்கக் கூப்பிடவில்லை. “நீவே பர்தித்து, நீவே சரி மாடி” என்று மட்டும் சொன்னார். நீங்களே எழுதியது, நீங்களே சரிசெய்யுங்கள். நியாயம்தானே? தாலுக்கா ஆபீசுக்கு அலைந்து கிராம நக்ஷை என்கிற ஊர் வரைபடத்தின் நகல் வாங்கினேன். அதில் தடம் இரட்டைப் புள்ளிக்கோடாக இருந்தது. அதைக் காட்டியதும், இனி அப்ரூவல் கிடைக்காது என்று புரிந்து, மனிதர் திட்டிக்கொண்டே கல்லைப் பிடுங்கினார்.

கல் பிடுங்கும்போது நானும் போயிருந்தேன். மாதம்மா இந்த முறை மோர் கொடுக்கவில்லை. தடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “கோபிக்காரருன்னு நம்பினனுங்க. மைசூர்க்காரராட்டம் வரைஞ்சுட்டீங்களே.”

அட அம்மா, அச்சு அசல் கோபிக்காரனாக வரைந்ததால் வந்த வினையல்லவா இது! சொன்னால் யாருக்குப் புரியும்? பஸ் ஏறினேன்.

பிறகு கராபுக்கென்று தனி லேயர் போட்டேன். கண்ணைக் குத்தும் சிவப்பு, எந்த ப்ரிண்டிலும் அணையாது. பழைய ஃபைல்களையெல்லாம் திறந்து, வரப்புகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு பாதையாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறோம், நானும் ரேகாவும். இன்னும் முடிந்தபாடில்லை.

அந்த வேலையின் நடுவில்தான் போன வாரம் தம்பி கதிர்வேல் கோபியிலிருந்து எங்கள் தோட்டத்து வரைபடத்தை போனில் அனுப்பினான். வேலி போடப் போகிறான், அளவு சரியா என்று பார்க்கச் சொன்னான். பார்த்தேன். உடனே கூப்பிட்டேன்.

“டேய், தோட்டத்துத் தடம் எங்கடா? உள்ள காணோம். பரப்புல கழிக்கவும் இல்ல. எவன்டா வரைஞ்சான் இதை?”

அவன் சிரித்தான். “ஏண்ணா, தடத்துக்குத்தான் தனி நம்பர் இருக்குதே. பக்கத்துக் கட்டத்தைப் பாரு. நீ என்ன, மைசூர்க்காரனாவே ஆயிட்டயா?”

பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்து போன தடம், எங்கள் நிலத்துக்கு வெளியே, தன் நம்பரோடு. எதிரே திரையில் மாதம்மாவின் தடம், இன்னொருவர் நிலத்துக்கு உள்ளே, சிவப்பாக.

“ஏனு சார், பாதெ சிக்குத்தா?” என்றாள் ரேகா. பாதை கிடைத்ததா என்று கேட்கிறாள்.

“சிக்கிடுச்சும்மா. வெளியே இருக்குது” என்றேன்.